இரண்டே கால் அடி

தன் திருமேனியில் சரிபாதியைப் பிரித்துக் கொடுத்த பின்னும் ஒரு துளியும் குறையாமல் முழுமையாய் நிற்கின்ற பெருமானே, இடப்பாகத்தாளோடு ஒரு கணமும் பிரியாதவனே, பிரிந்தவர் படும் பாடு உனக்கெங்கே தெரியப்போகிறது என்று உன்னை ஏசுவாரும் உண்டு. தெரியாதவனாயின், செங்குன்றின் உச்சியில் நின்றுகொண்டு, அடிவாரத்து வீதிகளில் வாசற்படியில் ஒரு காலும் தெருவில் ஒரு காலுமாய் நிற்கும் இத்தனை பெண்களை யுகயுகமாய் ஏன் பார்த்துக்கொண்டிருக்கிறாய்? உன் கழலும் அவள் சிலம்பும் துணை. உன் ஊரில் நடந்த ஒன்றைச் சொல்லப் புகும் இந்நாவில் பொய் கலவாமல் காத்தருள்க.

திருச்செங்கோட்டில் ஆண்களைக் காட்டிலும் அவர்களுடைய செருப்புகளே வீட்டில் அதிக நாள் தங்கின. தை பிறந்ததும், பூமியைத் துளைத்து நீர் காணும் ரிக் வண்டிகள் அவ்வூரிலிருந்து வடக்கே புறப்படும். கோதாவரியைக் கடந்து, நர்மதையைக் கடந்து, பெயர் வாயில் நுழையாத ஊர்களிலெல்லாம் அறுநூறடி எழுநூறடி துளைத்து, அயலார் தாகத்தைத் தீர்த்துவிட்டு, தங்கள் வீட்டுச் சொம்பின் தண்ணீரை மாதக்கணக்கில் காணாத ஆண்கள் அவ்வண்டிகளில் இருந்தார்கள். அப்படிப் போனவர்களில் ஒருவன் காளியண்ணன். லாரிகளுக்குப் பாடி கட்டும் பட்டறைகளில் அவன் கைவைத்த பற்றவைப்புக்கு ஒரு மதிப்பு இருந்தது. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தை மாதத்தில், ரிக் வண்டியோடு வெல்டராகப் போனான். நான்கு மாதம் தொலைபேசியில் பேசினான். ஐந்தாம் மாதம், ஏதோ ஒரு நாற்சந்தியில் தேநீர் குடிக்க இறங்கியவன் திரும்ப ஏறவில்லை என்று உடன்போனவர்கள் வந்து சொன்னார்கள். அவன் எண்ணை அழைத்தால், விளங்காத மொழியில் யாரோ ஒரு பெரியவர் அன்பாகப் பேசினார்.

அவன் மனைவி பாவாயிக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. அவள் அழுது முடித்த பின் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். காளியண்ணன் விட்டுச் சென்ற சிறிய பிக்கப் வண்டியின் முன்பாகம் துருவேறி இற்றுப்போக, அவன் தன் கையால் தகடு மடித்துச் செய்த ஏழடிப் பாடி மட்டும் கெடாமல் வேம்படியில் கிடந்தது. அதில் கோழிகள் மூன்று தலைமுறை அடைகாத்தன. எட்டு ஆண்டுகள் ஊரார் வண்டிகளை ஓட்டியபின் பாவாயிக்குச் சொந்தமாக ஒரு பழைய பிக்கப் வாய்த்தது. அதன் சேஸி, அதாவது அடிச்சட்டம், நீளமானது. அவள் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டும், காளியண்ணன் செய்த பாடியை வேறொரு வண்டியில் ஏற்றிவரச் செய்தும், அங்கமுத்துவின் பட்டறைக்கு வந்தாள். அங்கமுத்து ஒரு காலத்தில் காளியண்ணனோடு ஒரே பட்டறையில் வேலை செய்தவன்.

இரண்டையும் அளந்து பார்த்த அங்கமுத்து தலையைச் சொறிந்தான். "ஏனுங்க்கா, சேஸியில பாடி உக்கார்ற எடம் ஒம்பதே கால் அடி இருக்குது. இந்தப் பாடி ஏழடி. ரெண்டே கால் அடிக்குத் தகடு ஒட்டுப்போட்டுப் பாடிய நீட்டிப்புட்டா அரை நாள் வேலை. பாடிக்காகச் சேஸிய வெட்டறது, செருப்புக்காகக் காலை வெட்டற கதையுங்க."

"பாடியில கை வெக்கப்படாது, தம்பி. ரோட்டுல எங்க பாத்தாலும் இது நம்ம வண்டின்னு அவருக்குத் தெரியோணும்."

"அதுஞ்செரித்தானுங்க, அண்ணன் வந்தாருன்னா…"

"வந்தாருன்னான்னு சொல்லாத. வர்றப்பன்னு சொல்லு."

அங்கமுத்து சுண்ணக்கட்டியை எடுத்துச் சேஸியில் வெட்டுக்கோடு போட்டான். அவன் பட்டறைக்கென்று ஒரு வழக்கம் உண்டு. சேஸி என்பது வண்டிக்கு முதுகெலும்பு. அதில் கத்தி வைக்கும் முன், உடையவர் அதன்மேல் உள்ளங்கையை வைத்து, வெட்டி எடுக்கும் இடத்தை இன்னாருக்கு என்று பெயர் சொல்லிக் கொடுத்துவிட வேண்டும். வெறும் இடமாய் விட்டால் அந்த வண்டி ஓரிடத்தில் நில்லாது என்பது அவன் நம்பிக்கை. சிலர் குலதெய்வத்தைச் சொல்வர். சிலர் பிள்ளையின் பெயரைச் சொல்வர். அன்று எலுமிச்சை நறுக்கி, சூடம் காட்டி, "பேரைச் சொல்லுங்க்கா" என்றான் அங்கமுத்து. பாவாயி குனிந்து சேஸியின்மேல் கை வைத்தாள். கட்டியவன் பெயரை வாயால் சொல்லும் வழக்கம் அவள் வீட்டில் அவள் பாட்டிக்கும் இல்லை, பூட்டிக்கும் இல்லை. உதடு அசைந்தது, ஒலி வரவில்லை. சூடம் எரிந்து அணைந்தது. நல்ல நேரம் கடக்கிறதே என்று அங்கமுத்து வேலையைத் தொடங்கிவிட்டான்.

இடப்புறச் சட்டத்தில் ஓரிடத்திலும், வலப்புறச் சட்டத்தில் ஒரு முழம் தள்ளியும், இரண்டு ஒட்டும் ஒரே நேர்கோட்டில் விழாதபடி சாய்வாக வெட்டினான். இருபத்தேழு அங்குலத்தை எடுத்தான். எஞ்சியதை நெருக்கி, மூலைக்கு மூலை நூல் பிடித்து, இரண்டு நூலும் ஒரே நீளம் காட்டும் வரை தட்டித் தட்டிச் சரிசெய்து, உள்ளே கனத்த பட்டை வைத்துப் பற்றவைத்தான். எஞ்சினின் சுழற்சியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுசெல்லும் தண்டையும் அதே அளவு குறைத்தான். நான்காம் நாள், ஏழடிப் பாடி அந்தச் சேஸியின்மேல், கூட்டுக்குத் திரும்பிய குருவியைப் போல் உட்கார்ந்தது.

முதற்பயணத்தில் பாவாயி, மரவள்ளிக் கிழங்கு பிடுங்கிவிட்டுத் திரும்பும் பெண்கள் ஆறு பேரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு வந்தாள். பிற்பகல் வெயில். மலையைச் சுற்றும் சாலையில் வண்டி திரும்பியதும், பூவாத்தாள் என்னும் கிழவி முன்பக்கத் தகட்டைத் தட்டி, "அம்மிணி, கொஞ்சம் மெல்லப் போ. எங்கூட்டுக்காரரு பொறவுக்கே நடந்து வராரு. மூட்டுவலிக்காரரு, பாவம்" என்றாள். பூவாத்தாளின் கணவர் இறந்து பதினோரு ஆண்டுகள் ஆகியிருந்தன. பாவாயி வேகத்தைக் குறைத்தாள். மூட்டுவலி என்றால் வேறென்ன செய்ய முடியும்?

"உங்கூட்டுக்காரரா? எங்காத்தாவல்லோ வருது!" என்றாள் இன்னொருத்தி.

"ரெண்டு பேருக்கும் கண்ணு அவிஞ்சு போச்சா? அது எங்கூட்டு மாமனுங்க. பாரு, மொகமெல்லாம் எப்பிடி வேர்த்து ஊத்துது!" என்றாள் மஞ்சுளா. அவள் கணவன் தங்கராசு அப்போது ஆயிரம் மைலுக்கு அப்பால், ரிக் வண்டியில் இருந்தான்.

இவ்வாறுதான் அது தெரியவந்தது. வெட்டி எடுக்கப்பட்ட இருபத்தேழு அங்குலம் வண்டியை விட்டுப் போகவில்லை. பின்கதவுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாமல், வண்டியோடேயே வந்தது. யாருக்கென்று பெயர் சொல்லிக் கொடுக்காத இடமாகையால், பாடியில் அமர்ந்தவர் எவரை எண்ணி ஏங்கினாரோ அவரே அவ்விடத்தின் முடிவில் நடந்து வந்தார். ஏங்கியவருக்கு மட்டுமே அவர் தெரிந்தார். வெறுங்காலோடு, பாதி உறக்கத்தில் எழுப்பப்பட்டவர் பார்ப்பது போன்ற பார்வையோடு, ஒரு சொல்லும் பேசாமல், வண்டி எவ்வளவு வேகத்தில் போனாலும் இரண்டே கால் அடிக்கு அப்பாலேயே அவர் வந்தார். கையை நீட்டினால் நான்கு விரற்கடை எட்டாது. கதவுக்கு மேல் கவிழ்ந்து நீட்டினாலும் அதே நான்கு விரற்கடை. வண்டி நின்றால் சாலை வெறுமையாகும்.

ஊர் இதை ஏற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. ஒழுங்குபடுத்த ஒரு மாதம் ஆயிற்று. வருகிறவர்கள் வெறுங்காலோடு வருவதால், தார் காயும் உச்சிப்பொழுதில் வண்டியை எடுக்கலாகாது என்று கோயிலில் கூடியவர்கள் முடிவு செய்தார்கள். மனிதர் நடக்கும் வேகத்துக்கு மேல் ஓட்டுவது மரியாதை அன்று என்பதை எவரும் சொல்லாமலே எல்லாரும் அறிந்தார்கள். பின்னால் வரும் பேருந்துகள் பாவாயியின் வண்டிக்குப் பின்னே ஓர் ஆள் இடம் விட்டு வந்தன. ஒருநாள் அவசரத்தில் முட்டிக்கொண்டு வந்த ஆட்டோக்காரனைப் பெண்கள் இறக்கிவிட்டு, "யார் மாமியார் மேலய்யா ஏத்தப் பாக்கற?" என்று கேட்டதில், அவன் பார்வைக்கு ஒன்றும் தெரியாத அவ்விடத்தை நோக்கிக் கைகூப்பிவிட்டுப் போனான். வழியில் மோர்ப்பானை வைத்தார்கள். நடந்து வருகிறவர்கள் குடிக்கவில்லை, எனினும் வைக்காமலிருக்க மனம் வரவில்லை. சேஸியைக் குறைத்தது குற்றம் என்று அளக்க வந்த அதிகாரி முன்முனையிலிருந்து பின்கதவு வரை நாடாவைப் பிடிக்க, அது ஓர் அங்குலமும் குறையாமல் பழைய நீளத்தையே காட்டியது. மும்முறை அளந்தவர், பாடியில் ஏறிச் சற்று உட்கார்ந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் போனார். நிச்சயதார்த்தம் முடிந்த பெண்ணொருத்திக்கு மாப்பிள்ளை வராமல் அவள் செல்லும் பேருந்தின் நடத்துனர் வந்தார் போலும். இறங்கியதும் அவள் மாப்பிள்ளை வீட்டார் போட்ட வளையலைக் கழற்றித் தாயின் கையில் கொடுத்துவிட்டாள்.

இருப்பவர்க்கும் இறந்தவர்க்கும் உள்ள வேற்றுமையும் விரைவில் விளங்கிற்று. உயிரோடு இருப்பவர்களுக்கு வியர்த்தது. இறந்தவர்கள் எந்த வெயிலிலும் துவைத்து மடித்த வேட்டி போல் வியர்வையின்றி வந்தார்கள். இருப்பவர்களுக்கு இன்னொன்றும் இருந்தது. அதை மஞ்சுளாவின் தொலைபேசிதான் முதலில் சொன்னது.

"அடியே, நீ எத்தன தடவடி அந்த வண்டியில ஏறுவ? எனக்குக் கெண்டைக்கால் ரெண்டும் கழண்டுக்கற மாதிரி கடுக்குது. நேத்துத் தூங்கிக்கிட்டிருந்தவன் காலை இங்க எல்லாரும் பாத்துச் சிரிச்சானுங்க, படுத்தபடியே நடக்கறனாம்!"

"கட்டை வெரல்ல என்ன கட்டு?"

"உனக்கெப்படித் தெரியும்?"

"பாத்தேன். மஞ்சப்பத்துப் போடுங்க. சேவிங்கும் பண்ணுங்க, பண்டாரமாட்டம் வர்றீங்க."

வடக்கேயிருந்த ஆண்களுக்கெல்லாம் கால் கடுக்கத் தொடங்கியதும் வேலை மந்தப்பட, ரிக் முதலாளிகள் வந்து முறையிட்டார்கள். எனவே இருப்பவர்களை ஞாயிறன்று மட்டும் அழைப்பது என்றும், ஓர் ஆளை ஒரு சுற்றுக்குமேல் நடத்துவதில்லை என்றும் வழக்கமாயிற்று. கால்வலியைக் கொண்டே கணவர்கள், தம் மனைவி தம்மை நினைக்கிறாளா இல்லையா என்பதையும் அறிந்துகொண்டார்கள். இரண்டு ஞாயிறு கால் வலிக்கவில்லையென்று ஒருவன் பாதி வேலையில் ரயிலேறி வந்து சேர்ந்தான்.

இத்தனையும் நடக்க, பாவாயி ஒருநாளும் பாடியில் ஏறவில்லை. அவள் ஓட்டினாள். பிறர் அழுகையும் சிரிப்பும் முதுகுக்குப் பின்னே கேட்க, கண்ணாடியில் வெறும் சாலை தெரிய, மலையைச் சுற்றிச் சுற்றி ஓட்டினாள். ஏன் என்று கேட்டவர்களிடம், "ஸ்டியரிங்க விட்டுட்டு எப்பிடி வர்றது?" என்றாள். உண்மையில் அவள் அஞ்சியது வியர்வைக்கு. ஒன்பது ஆண்டுகளாக அவள் ஒவ்வொரு காலையும் நெற்றியில் குங்குமம் வைத்தாள். வைக்கும்போதெல்லாம் விரல் ஒரு நொடி தயங்கும். அந்தத் தயக்கத்தின்மேல்தான் அவள் வாழ்வு நின்றது. காய்ந்த முகமொன்றை ஒருமுறை கண்டுவிட்டால் அந்த விரல் இனி எழாது.

ஆடி அமாவாசைக்கு முந்தின நாள் காளியண்ணனின் தம்பி நல்லதம்பி உறவினர்களோடு வந்தான். கையில் எள் மூட்டை இருந்தது.

"அண்ணி, ஒம்பது வருசம் ஆச்சுங்க. ஊர்ல நாலு பேரு நாலு விதமாப் பேசறாங்க. நாளைக்கு அமாவாசை, எள்ளும் தண்ணியும் எறைச்சுப்புட்டா அண்ணனுக்கும் ஒரு வழி, உங்களுக்கும் ஒரு வழி."

"உசுரோட இருக்கறவருக்கு எள்ளு எறைக்கச் சொல்றியா?"

"இருக்காருன்னு ஆரு பாத்தா? ஊருக்கெல்லாம் காட்டற வண்டி வாசல்ல நிக்குது. ஏறிப் பாத்துப்போட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேர்த்துதுன்னா எள்ளைத் திருப்பி எடுத்துக்கறோம். ஏற மாட்டேன்னா, உங்களுக்கே உள்ளுக்குள்ள தெரிஞ்சு போச்சுன்னு அர்த்தமுங்க."

அச்சொல் தைத்தது. பாவாயி உள்ளே போய், முகம் கழுவி, குங்குமம் வைத்துக்கொண்டு வந்தாள். அங்கமுத்துவுக்கு ஆள் அனுப்பினாள். அவன் பட்டறைக் கரியோடு வந்து, சாவியை வாங்கிக்கொண்டு, "அக்கா, நான் கண்ணாடியப் பாக்க மாட்டேனுங்க" என்றான். பார்த்தாலும் தெரியாது என்பது இருவருக்கும் தெரியும். உறவினர் அடிவாரத்துத் தேர்முட்டியில் காத்து நிற்க, காலை வெயிலில் வண்டி புறப்பட்டது.

பாவாயி பாடியில் முன்னோக்கி உட்கார்ந்தாள். கணவன் மடித்த தகட்டின் விளிம்பை இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, மலையின் மேற்குப்புறம் வரும்வரை திரும்பவில்லை. பின்னால் வெறும் பாதங்கள் தாரில் பதிந்து எழும் ஓசை கேட்டது. அந்த நடை அவளுக்குத் தெரியும். இடக்கால் சற்று அழுந்தி விழும். யார் என்பது தெரிந்துவிட்டது. எப்படி என்பதுதான் தெரியவில்லை. இறைவனின் பெயரைச் சொல்ல முயன்றாள். அதுவும் அப்போது நினைவுக்கு வரவில்லை. திரும்பினாள்.

காளியண்ணன் நடந்து வந்தான். மீசை நரைத்திருந்தது. உடம்பு சற்றுப் பூசினாற்போல் இருந்தது. எவரோ வேளைக்குச் சோறிட்ட உடம்பு. அவள் வாங்கித் தராத கட்டம்போட்ட சட்டை அணிந்திருந்தான். மேலிருந்து மூன்றாம் பொத்தான் ஒருமுறை அறுந்து, மீண்டும் பச்சை நூலால் தைக்கப்பட்டிருந்தது. தையல் நெருக்கமாக, பொறுமையாக, நூலைப் பல்லால் கடித்து அறுத்த பெண்ணின் கைத்தையலாக இருந்தது. அந்தப் பொத்தானுக்கு மேலே கழுத்துக் குழியில் வியர்வை திரண்டு நின்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உருண்டு, சட்டைக்குள் இறங்கியது.

இருக்கிறான்.

ஒன்பது ஆண்டுகள் அவள் வேண்டிக்கொண்டது அவ்வொரு துளிதான். அது கிடைத்த அதே கணத்தில், அதற்கு அப்பால் அவள் ஒருநாளும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது அவளுக்கு விளங்கிற்று. இறந்தவன் வராமலிருப்பது விதி. இருப்பவன் வராமலிருப்பது என்ன? அவன் பாதி உறக்கக் கண்களோடு அவளைப் பார்த்தான். பச்சை நூல் வெயிலில் பளபளத்தது.

பாவாயி தகட்டை ஓங்கி அறைந்தாள். "அங்கமுத்து! வெரசாப் போ!"

"அக்கா?"

"போன்னு சொல்றேனல்லோ! மிதி!"

அந்த வண்டி அப்படி ஓடி ஊரார் கண்டதில்லை. மோர்ப்பானைக்காரி எழுந்து நின்றாள், பேருந்துக்குக் காத்திருந்தவர்கள், "ஐயோ, பின்னால வர்றவரு என்ன ஆவாரு?" என்று கத்தினார்கள். பின்னால் வந்தவன் ஓடினான். ஓடத்தான் வேண்டும், அந்த இடம் அவனை விடாது. ஐம்பத்தெட்டு வயது உடம்பு, வெறுங்காலோடு, வாய் பிளந்து, விலாவை ஒரு கையால் அழுத்திக்கொண்டு ஓடி வந்தது; இரண்டே கால் அடி, கூடவும் இல்லை, குறையவும் இல்லை. ஓடட்டும். பெயர் தெரியாத ஊரில், எந்தக் கட்டிலில் கிடக்கிறானோ அந்தக் கட்டிலில் கால் இரண்டும் துடிக்கட்டும்; எந்தப் படியில் உட்கார்ந்து உண்கிறானோ அங்கே எழ முடியாமல் விழட்டும்; தைலம் தேய்க்க வருகிறவள், என்ன ஆயிற்று என்று கேட்கட்டும்; கேட்கும்போது அவன் வாய் என்ன சொல்லுமோ சொல்லட்டும். "ஓடு," என்றாள் பாவாயி பல்லைக் கடித்துக்கொண்டு. "நான் ஓடுனதுல பாதி ஓடு."

அவன் முழங்கால் ஒருமுறை மடங்கிற்று. விழவில்லை, நிமிர்ந்து மீண்டும் ஓடினான். அவன் நெற்றியில் வியர்வை பெருகிக் கண்ணில் இறங்க, அதைத் துடைக்கவும் கை ஒழியாமல், இளமையில் உலைச்சூட்டில் நின்று சிமிட்டுவானே, அதுபோல் கண்ணைச் சிமிட்டினான்.

பாவாயியின் முந்தானை தானாகவே அவள் கைக்கு வந்தது. கதவுக்கு மேல் கவிழ்ந்து நீட்டினாள். நான்கு விரற்கடை எட்டவில்லை.

சற்று நேரம் நீட்டியபடியே இருந்தாள். பிறகு முந்தானையை இழுத்துக்கொண்டு, தகட்டை மெல்லத் தட்டினாள்.

"அங்கமுத்து. மெல்லப் போ, தம்பி. அவருக்கு மூச்சு வாங்குது."

வண்டி தளர்ந்தது. அவன் ஓட்டம் நடையாக இறங்கிற்று. மார்பு ஏறி ஏறித் தாழ்ந்தது. தேர்முட்டி வந்தபோது நல்லதம்பி சாலைக்கு ஓடி வந்து, "என்னுங்க அண்ணி? வேர்த்துதா?" என்று வண்டியோடு நடந்தபடியே கேட்டான்.

"எள்ளை ஊட்டுக்குக் கொண்டு போயித் தொவையல் அரைச்சுக்கோ, நல்லதம்பி" என்றாள் பாவாயி, அவன் பக்கம் திரும்பாமலே.

நூலின் நிறத்தை அவள் அன்றும் சொல்லவில்லை, என்றும் சொல்லவில்லை. நிறுத்தவா என்று அங்கமுத்து கேட்கவில்லை. ஒரு சுற்றுக்குமேல் இல்லை என்ற வழக்கத்தை ஊராரும் அன்று எடுத்துச் சொல்லவில்லை. காற்று வற்றிய சக்கரம் போல் மெல்ல மெல்ல, மலையை வலமாய் அணைத்துக்கொண்டு, அந்த வண்டி இரண்டாம் சுற்றில் திரும்பியது.

இதைச் செவிகொடுத்துக் கேட்டவர் எவராயினும், அவர் வீட்டுக் கதவு திறந்திருக்கவும், உலையில் ஓர் ஆள் அரிசி எப்போதும் கூடவே இருக்கவும், பிரியாத பெருமானும் பெருமாட்டியும் அருள்க. நீங்கள் எண்ணி ஏங்குகிறவர் எத்திசையில் நடந்தாலும் அவர் பாதத்தில் முள் தையாதிருக்கட்டும். உங்களை எண்ணி ஏங்குகிறவர், எத்தனை கோபம் இருந்தாலும், வண்டியை மெல்லவே ஓட்டட்டும்.